செக்ல கையெழுத்து போடுறவர்

ஒரு திறமூல மென்பொருளோட உதவிப் பக்கத்துல ரெண்டு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினேன், ஏத்துக்கிட்டாங்க. உடனே 'நானும் டெவலப்பர்'னு வகுப்பு முழுக்கப் பீத்திக்கிட்டேன் :-)

திருத்தம் யார் வேணா அனுப்பலாம்ங்க. அடுத்தவர் அனுப்பினதைச் சேர்க்கிற உரிமை இருக்கிறவர்தான் மையக்குழு. காமர்ஸ் பாஷையில, செக்ல கையெழுத்து போடுறவர். பைத்தான்ல அதுக்கு மையக்குழுவே ஓட்டுப் போடும். மூணுல ரெண்டு பங்கு ஆதரவு வேணும்.

எக்ஸ்இசட்ல? தனியாளா அதைப் பார்த்துக்கிட்டவர் களைச்சுப் போயிருந்தார். 'ஜியா டான்'ங்கிற பேர்ல ஒருத்தர் 2021லேர்ந்து ஒழுங்கா வேலை செஞ்சு, அந்த உரிமையை வாங்கி, 2024ல கள்ளக்கதவு வெச்சார். எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் நோண்டினதால மாட்டிச்சு.

எனக்கு உறுத்துறது வேற. நானா இருந்தா சாவியை இன்னும் சீக்கிரமே கொடுத்திருப்பேன்.