நிறுத்திய நேரம்

குன்னூரில் எனக்கு ராத்திரி வேலை. அமெரிக்க நோயாளிகளின் ரத்தக்குழாயில் ஏறிய மருந்துக்குக் குறியீடு போடுவது. 15 நிமிஷம்வரை என்றால் ஊசி, 96374. 16வது நிமிஷத்தைத் தொட்டால் டிரிப், 96365, கூலி அதிகம். (காலத்தைப்பற்றிக் கவிதை எழுதும் நண்பர்கள் இந்த ஒரு நிமிஷத்தைக் கவனிக்கலாம்.) நர்ஸ் நிறுத்திய நேரத்தை எழுதாவிட்டால், எவ்வளவு ஏறியிருந்தாலும் நாங்கள் ஊசி என்றே போடுவோம்.

2023 ஜூலை மழையில் அம்மாவுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கொழுந்து கிள்ளிய கையில் நரம்பு லேசில் அகப்படவில்லை. பழக்கதோஷம், கடிகாரம் பார்த்தேன்: பகல் 2.10. சீட்டில் நேரம் எழுத இடமே இல்லை. சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவன் தூங்கிப்போனேன். விழித்தபோது பாட்டில் காலி. குழாயில் ரத்தம் திரும்பி ஏறியிருந்தது.

"எப்படா முடிஞ்சது?" என்றாள் அம்மா.