நாலாயிரம் கிலோமீற்றர்

ஒன்பதாம் தரத்தில், காலை முதற் பாடவேளையில், ஒரு மாணவி மேசைமீது தலை சாய்த்து உறங்கிவிட்டாள். அது முதல் தடவையன்று. "என் தமிழ் உனக்குத் தாலாட்டாகி விட்டதோ?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவனுக்கு நையாண்டி எளிதில் வாய்த்துவிடுகிறது.

மறுநாள் அவளுடைய அம்மாயி பாடசாலைக்கு வந்தார். கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டி ஓய்ந்தவர். "புள்ளைய ஏசாதீங்க, சேர். தாய்க்காரி றியாத்துல வீட்டு வேலை. எல்லாம் முடிஞ்சு ராவு ஒன்பதரைக்குத்தான் போன் எடுப்பா. அது நமக்கு நடுச்சாமம்" என்றார்.

கணக்குச் சரிதான். கொழும்பிலிருந்து றியாத் வான்வழியில் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். நேரே செல்லும் விமானத்துக்கு ஐந்தரை மணி நேரம் போதும். அங்குள்ள கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இவை எனக்குத் தெரியாதவையல்ல. அந்த இரண்டரை மணி நேரத்தை ஒரு சிறுமி தன் உறக்கத்திலிருந்து கொடுத்து வருகிறாள் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

ஐந்தரை மணி நேரம்! நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நாட்கணக்கில் நடந்தார்கள்; வழியிலேயே மாண்டவர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நடை குறைந்தது. கடன் குறைந்ததா? தொழிலாளியைக் கடனோடு கட்டிக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

இந்தத் தாய் புறப்பட்ட காலத்தில் தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபா. 2021இல் அதைப் பெறுவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. லயத்துக் கூரை ஒழுகியது. போகாதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

போவதற்கு ஐந்தரை மணி. திரும்புவதற்கு? ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள்; அது முடிந்து எட்டு மாதங்களாகின்றன. கடவுச்சீட்டு எசமானர் வீட்டு அலுமாரியில் இருக்கிறதாம். தொழிலாளர் வேலை மாறவும் நாட்டைவிட்டு வெளியேறவும் சவுதி அரேபியா 2021இல் விதிகளைத் தளர்த்தியது. வீட்டுப் பணியாளர்களை அதில் சேர்க்கவில்லை. சமையலறையில் நிற்பவள் தொழிலாளி அல்லள் போலும்!

மாணவியிடம் வகுப்பின் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தேன். அவள் கூச்சத்தோடு, "பரவாயில்ல சேர்" என்றாள். தமிழை நான்காம் பாடவேளைக்கு மாற்றித் தருமாறு அதிபரிடம் கேட்டிருக்கிறேன். கணித ஆசிரியர் இன்னும் இணங்கவில்லை. "அப்படியானால் என் பாடத்தில் உறங்கட்டுமா?" என்று கேட்கிறார்.