டஃப்புக்கிற்கு ஒரு பற்றரி

வன்னியில் செய்தி எழுதியவனுக்குப் பற்றரி அற்பமான பொருளன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் லைற் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

இப்போது என்னிடமுள்ளது பனசொனிக் டஃப்புக் சிஎப்-31. அந்த வரிசை 2010இல் வெளிவந்தது. நான் வாங்கியது பாவித்த ஒன்று. புழுதிக்கும் மழைக்கும் மோட்டார் சைக்கிள் குலுக்கலுக்கும் அது அசைந்ததில்லை. பற்றரி மட்டுமே மூப்படைந்தது.

2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலங்களை எட்டியது. அதற்குச் சில நாள்களின் பின், முல்லைத்தீவில் ஒரு வீட்டுத் திண்ணையில், மகனைத் தேடும் தாயொருவர் சொல்லச்சொல்லத் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். பற்றரியில் 40 வீதம் இருப்பதாகத் திரை காட்டிய நிலையில் கணினி அப்படியே அணைந்தது. கடைசி இருபது நிமிட எழுத்து போயிற்று.

"திரும்ப முதலில இருந்து சொல்ல வேணுமோ தம்பி?" என்று கேட்டார். நான் தலை குனிந்திருந்தேன்.

பாதி விலைக்கு நான் வாங்கியிருந்த போலிப் பற்றரி அது. 12 ஆம்பியர் மணி என்று ஒட்டியிருந்தார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டிருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். உள்ளே இருப்பவை 18650 வகையைச் சேர்ந்த ஒன்பது கலங்கள். மும்மூன்றாகப் பக்கவாட்டில் இணைத்த மூன்று கூட்டங்கள் தொடராக நிற்கின்றன. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல கலமொன்று தருவது 3.5 ஆம்பியர் மணி. மூன்றால் பெருக்கினால் 10.5, பன்னிரண்டுக்கு வழியேயில்லை. ஒரு கூட்டம் தளர்ந்து மின்னழுத்தம் விழுந்தாலும் கணினி அணைந்துவிடும், வீதக் கணக்கு என்ன சொன்னாலும்.

பழைய கூட்டினுள் புதுக் கலங்களை வைத்து ஒட்டித் தருவதாக ஒருவர் சொன்னார். கட்டுப்பாட்டுச் சில்லு பழைய கணக்கையே நினைவில் வைத்திருக்கலாம். ஒட்டு பிழைத்தால் தீப்பிடிக்கவும் கூடும். வேண்டாமென்றேன்.

அசல் பற்றரியிலும் ஒரு பொறி உண்டு. களஞ்சியத்தில் கிடந்தாலும் லித்தியம் கலம் முதுமையடையும். முழு மின்னேற்றத்தோடு 40 பாகை வெப்பத்தில் ஓராண்டு கிடந்தால் ஏறத்தாழ 65 வீதக் கொள்ளளவே எஞ்சும். 40 வீத மின்னேற்றத்தோடு கிடந்தால் 85 வீதம். ஆகவே பெட்டி பிரிக்காதது என்பதைவிட உற்பத்தித் திகதியே முக்கியம். இலண்டனில் இருக்கும் மருமகனிடம் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்: சிஎப்-விஇசட்எஸ்யூ46 என்ற இலக்கம், 10.65 வோல்ற், திகதி. மூன்றும் சரியாயிருந்த பின்னரே வாங்கினார். 100 வற் மணிக்கு உட்பட்டதாதலால் கைப்பையில் கொண்டுவந்தார். உதிரிப் பற்றரியை விமானத்தின் பொதிப் பகுதியில் போடலாகாது.

மின்னேற்றத்தை 80 வீதத்தோடு நிறுத்தும் சிக்கன முறை இந்தக் கணினியில் உண்டு. கிளிநொச்சித் தகரக் கூரையின் கீழ் அதை எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். வெளியே புறப்படும் நாளுக்கு முந்திய இரவு மாத்திரம் முழுதாக ஏற்றுவேன்.

பின்னர் அந்தத் தாயிடம் மீண்டும் போனேன். முதலிலிருந்து சொன்னார். முதல் தடவை மகனின் சட்டை நிறத்தைச் சொல்லியிருந்தார். இம்முறை அது வரவில்லை. நானும் கேட்கவில்லை.