பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்

பயன்படுத்திய காடி வாங்கப் போனால் எல்லாரும் பானட்டைத் திறந்துதான் பார்க்கிறோம். விற்பவருக்கும் அது தெரியும். எஞ்சினைக் கழுவிப் பளபளவென்று வைத்திருப்பார். உச்சி வெயிலில், அவர் பக்கத்திலேயே நிற்க, எவ்வளவு நேரம்தான் பார்க்க முடியும்? அதனால் எங்கள் 2013 மைவியை எடுத்தபோது ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்கினோம்: வெள்ளத்தில் மூழ்கிய காடி என்று ஏழு நாளுக்குள் தெரிந்தால் பணம் திரும்ப வர வேண்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டும் தெரிய நின்ற கார்களை மறந்துவிட முடியுமா? அப்படி மூழ்கியதைக் கழுவித் துடைத்து விற்பவர்களும் உண்டு. தண்ணீர் புகுந்த வயர்கள் உள்ளுக்குள் மெதுவாக அரிக்கும். ஏர்பேக் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. என் மகள் தினமும் பாலர் பள்ளிக்குப் போகப் போவது இதில்தான்.

முதல் சனிக்கிழமையே அப்பாவைக் கூப்பிட்டேன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். "சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழும்மா" என்றார். உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசிப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கறை அங்கேதான் தங்கும். எல்லா பெல்ட்டும் சுத்தம். பிறகு ஸ்பேர் டயர் கிடக்கும் பள்ளம், சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகள், கம்பளத்தின் அடிப்பக்கம். கம்பளத்தைத் தூக்கினால் ஒரு குழந்தையின் தலைக் கிளிப், இரண்டு பார்க்கிங் சீட்டு. சேறும் இல்லை, துருவும் இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பு, சோடா மாவு கலந்த வெந்நீருக்கும் பழைய பல்துலக்கிக்கும் போய்விட்டது. நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். மஞ்சளித்த முன்விளக்குதான் முதுகை ஒடித்தது. தண்ணீர் விட்டு மணல் தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயிலைத் தடுக்கும் பூச்சும் பூச வேண்டும். பூச்சு இல்லாவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான். பற்பசையே போதும் என்று சொல்லும் காணொளிகள் இதைச் சொல்வதில்லை.

டயரில் பூ நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 0817 என்ற எண். 2017ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ரப்பருக்கும் வயசாகும். தினமும் காலையில் நெடுஞ்சாலை விபத்துகளை வாசிக்கிறவள் நான். நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

பிரேக்கை மட்டும் வீட்டில் தொடவில்லை. அப்பா ஸ்பேனரோடு தயாராகத்தான் இருந்தார். வெறும் ஜாக்கை நம்பிக் காடிக்கு அடியில் போகக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான் என்று நினைவுபடுத்தினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பட்டறைக்கு வந்தார். போர்மேன் நான்கு சக்கரத்தையும் கழற்றி மாட்டும் வரை, போட்ட நாற்காலியில் உட்காராமல் பக்கத்திலேயே நின்றார்.