குகையில் நின்றவர்கள்

கும்மிடிப்பூண்டி என்றால் சிப்காட் தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம் பலருக்கு வருவதில்லை. 1983க்குப் பின் கடல் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்தும் குடியுரிமை கிட்டாத பிள்ளைகளும் அங்கே காத்திருக்கிறார்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. 2021இல் அகதிகள் முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்கள்' ஆயின. கேள்வி அப்படியே நிற்கிறது.

அம்முகாமிலிருந்து வந்து என்னிடம் தமிழ் படித்த ஒருவன், வேலை விண்ணப்பத்துடன் வந்திருந்தான். குடியுரிமைக் கட்டம் காலியாக இருந்தது. "இந்தியன் என்று எழுதிவிடு, யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்கிறவன் நான்.

"வேண்டாம் ஐயா. அப்பா இத்தனை வருசத்தில் ஒரு பதிவுக்கும் தவறினதில்லை" என்றான்.

என்கேதிக் குகையில் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். அபிஷேகம் பெற்றும் அரியணை காணாத தாவீது அவனுடைய சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே நெஞ்சு உறுத்தியது. கொல்லத் தூண்டிய தோழர்களோ, கர்த்தர் குறித்த நாள் இதுவே என்று வாதாடினார்கள். பக்தியின் மொழியில்தான் பேசினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நான் அன்று அவர்கள் பக்கம் நின்றிருந்தேன்.

அவன் உள்ளதை எழுதி உறையை ஒட்டினான். பதில் வரவில்லை. இப்போது பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான்; பதிவு நாளில் முகாமில் இருக்கிறான்.