பிப்ரவரி 18

8-1-2025
குளிர் மைனஸ் ஆறு. காலையில் முழங்கால் மடங்கவே இல்லை. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். மருமகள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். இந்தக் குளிரில். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.
"அம்மா, பிப்ரவரி 18 ஞாபகம் இருக்கா? அஞ்சு வருஷம்" என்றான் பையன். எனக்கா மறக்கும்? 2020-இல் அமெரிக்கா வந்து நியூவார்க்கில் இறங்கியபோது ஒருவன் தும்மினான், வரிசையே திரும்பிப் பார்த்தது. என்னைப் போன்ற கிரீன் கார்டுக்காரர்கள் ஐந்து வருடம் இங்கே இருந்தால்தான் மெடிகேர், வயதானவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு.
இன்னும் 41 நாள்.

11-1
எடிசன் நூலகம். வயதானவர்களுக்கு மெடிகேர் பற்றி இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். குஜராத்தி அம்மாள், என் வயதுதான் இருக்கும். இங்கிலீஷ் நிதானமாகப் பேசினாள், புரிந்தது.
எழுதி வைக்கிறேன், மறந்துவிடும். பார்ட் ஏ ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு. பார்ட் பி டாக்டருக்கு. டி மாத்திரைக்கு. 65 வயது ஆகிறவர்களுக்குப் பிறந்த மாதம், அதற்கு முன்னே 3, பின்னே 3, மொத்தம் 7 மாதம். அதற்குள் பதிய வேண்டும். எனக்கு வயது எப்போதோ ஆகிவிட்டது, அதனால் ஐந்து வருடம் முடிவதை வைத்துக் கணக்கு. "மே தாண்ட விடாதே" என்றாள். விட்டால் பி-க்கு ஒவ்வொரு முழு வருடத் தாமதத்துக்கும் பத்து சதவீதம் கூடுதல். அபராதம். பி இருக்கும்வரை கூடவே வருமாம். அடுத்த வாய்ப்பு ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும்.
டீச்சராக இருந்த நான் கூட லேட்டாக வந்த பிள்ளையை ஒரு நாள்தான் வெளியே நிறுத்துவேன்.

12-1
தூக்கமில்லை. விலை சொன்னாளே, அதை நேற்று எழுதவில்லை.
பார்ட் ஏ மாதம் 518 டாலர். பி 185. மொத்தம் 703.
இங்கே வேலை பார்த்து 40 காலாண்டு வரி கட்டியிருந்தால் ஏ சும்மா. நான் 33 வருடம் வேலை பார்த்தேன். கரும்பலகை, சாக்பீஸ் தூசி, எலெக்‌ஷன் டியூட்டி, சென்சஸ். இங்கே பூஜ்யம். இந்தியாவுக்கும் இவர்களுக்கும் அதற்கு ஒப்பந்தமே இல்லையாம்.
என் வீட்டுக்காரர் இங்கே வேலை பார்த்திருந்தால் அவர் கணக்கில் எனக்குக் கிடைத்திருக்கும். அவர் திருவாரூர் தாண்டி வேலைக்குப் போனதில்லை.

14-1
பொங்கல். பால் பொங்குமுன் புகை அலாரம் பொங்கியது. பேத்திக்கு ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். நல்ல நாள்.
ராத்திரி பென்ஷன் கணக்கு பார்த்தேன். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தம். எப்போது சேர்ந்தாய், எத்தனை காலாண்டு என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்கே போய்விடலாம். 497 ரூபாய்க்கு வாழ்ந்துவிட்டுப் போகிறேன்.

19-1
மருமகள் விளையாட்டாக, "அத்தை மளிகைக்கடையில பில் போட்டா 40 காலாண்டு வந்துடும்" என்றாள். காலாண்டுக்கு 1,810 டாலர் சம்பாதித்தால் போதும், வருடத்துக்கு நாலுதான் எண்ணுவார்கள். பத்து வருடம். எனக்கு எண்பது ஆகிவிடும். 30 வந்தாலே ஏ 285-க்கு இறங்கும். ஏழரை வருடம். ஏழரை! சனியே வந்து கணக்கெழுதின மாதிரி.
கடைக்குப் போயிருப்பேன். முழங்கால்தான்.

27-1
பாஸ்போர்ட்டில் முத்திரைகளை எண்ணினேன். 2023 ஜனவரி 11 ஊருக்குப் போனேன், ஜூன் 6 திரும்பி வந்தேன். 146 நாள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் கேள்வி வரும். அக்கா, "ஆடி வரைக்கும் இருந்துட்டுப் போயேன்" என்று கையைப் பிடித்தாள். நல்லவேளை வந்தேன்.
நல்லவேளையா? அக்கா போன வருடம் போய்விட்டாள்.

2-2
பையனிடம் கேட்டேவிட்டேன். இப்போது எனக்காகக் கட்டுகிற இன்சூரன்ஸ் 703-ஐ விட அதிகமாம். எவ்வளவு என்று சொல்லமாட்டேன் என்கிறான். ஐந்து வருடமாகக் கட்டியிருக்கிறான். நான் இங்கே கறிவேப்பிலை விலைக்கு மூக்கால் அழுதுகொண்டிருந்தேன்.

18-2
ஐந்து வருடம். ஒன்றும் நடக்கவில்லை. பனி. சேமியா உப்புமா. பேத்தி மட்டும் "பாட்டி, ஹேப்பி ஃபைவ்" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது?

5-3
மெடிகேருக்கு சோஷியல் செக்யூரிட்டி ஆபீசில்தான் பதிய வேண்டும். அப்பாயிண்ட்மென்ட் காலை 9:30. கிரீன் கார்டு, பாஸ்போர்ட், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எல்லாம் மஞ்சள் பையில். வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போனேன்.
பிறந்த தேதி கேட்டார்கள். 3-6-1955 என்றேன். அம்மா சொன்னது தை மாதம், பூசத்துக்கு முதல் நாள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் போட்டார், எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன். அந்த ஜூனை வைத்து ரிடையர் ஆனேன், பென்ஷன் வாங்குகிறேன், இப்போது மெடிகேரும். அங்கே எதற்கு தைப்பூசக் கதை? கேள்வி கேட்ட பெண் டைப் அடித்தாள். ஐந்து வருட விலாசம் கேட்டாள். 2023 பயணம் கேட்டாள். 146 நாள் என்றேன், எழுதியதைப் பார்க்காமல்.
ஏ, பி இரண்டுமா, பி மட்டுமா? பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் கீழே பார்த்துக்கொண்டு "ரெண்டும்" என்றான்.
காரில் அழுகை வந்தது. ஹீட்டர் சூடு என்று சொல்லிவிட்டேன்.

9-3
மெடிகேர் ஏப்ரல் 1 முதல் செல்லும். குஜராத்தி அம்மாளிடம் மறுபடி போனேன். பி-யில் வருடத்துக்கு முதல் 257 டாலர் நம் கையிலிருந்து, பிறகு எண்பது அவர்கள், இருபது நாம். அந்த இருபதுக்கு மேல்வரம்பு கிடையாது. அதை அடைக்கத் தனியாக மெடிகேப். பி தொடங்கி ஆறு மாதத்துக்குள் வாங்கினால் நோயைக் காட்டி மறுக்க முடியாது. மறுபடி ஒரு தேதி!
பல், கண்ணாடி, காது மிஷின் இதில் இல்லை. கும்பகோணத்தில் விழுந்தாலும் இல்லை. அவளுக்கு அகமதாபாத்தில் இல்லை. இரண்டு பேரும் டீ குடித்தோம்.

22-3
அட்டை வந்தது. காகிதம்தான். சிவப்பும் நீலமும் பட்டை. அப்பா பெயர் கடைசியில் என் குடும்பப் பெயராக நிற்கிறது. அவர் 1988-இல் போனவர். இன்சூரன்ஸ் என்ற சொல்லே கேட்டிருக்கமாட்டார்.
சாமி படத்தின் கீழ் வைத்தேன். மருமகள் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு என் பர்ஸில் வைத்தாள். "தொலைச்சுடாதீங்க அத்தை." ஜன்னலை அவளே சாத்தினாள்.

3-4
முழங்கால் டாக்டருக்கு 22-ஆம் தேதி.
பில் வந்துவிட்டது. 703. பையன் கட்டிவிட்டான்.
இன்று வலி இல்லை.