அப்பாவும் நானும் ஒரு கயாக்கும்

எங்கள் பண்டார் தெங்காராவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். காடாய்க் கிடந்த இடத்தில் கெஜோரா வாரியம் எழுப்பிய ஊர். ஜொகூர் ஆற்றின் மேல்பகுதி அங்கிருந்து தொலைவில்லை. இருந்தும் இருபத்திரண்டு வயதுவரை நான் அதில் கால் நனைத்ததில்லை. "தண்ணிப் பக்கம் போகக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஏன் என்று கேட்டால் அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா நாளிதழைப் பிரித்துக்கொள்வார்.

ஆசையைக் கிளப்பிவிட்டது விடுதித் தோழி காட்டிய ஒரு படம்தான். அமெரிக்காவின் லூசியானாவில் சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்புக்காடு. கறுத்த நீரில் மரங்களுக்கு இடையே ஒரு சிறு கயாக். மரங்களைச் சுற்றி முழங்கால் மடக்கியதுபோல் வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை எதற்கு என்று அறிவியலாளர்களே இன்னும் உறுதியாகச் சொல்லவில்லையாம். "இதுக்கு லூசியானா எதுக்குடி? உங்க ஜொகூர்லயே பாக்காவ் காடு இருக்கே" என்றாள் தோழி. உண்மைதான். தஞ்சோங் பியாய், புலாவ் குக்குப், சுங்கை பூலாய் மூன்றும் 2003இலேயே ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. பட்டியலைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை!

விடுமுறையில் மெல்லப் பேச்செடுத்தேன். அம்மா ஒரே வரியில் முடித்தார்: "அப்பா கூட வந்தா போ." அப்பா வரமாட்டார் என்ற தைரியம் அவருக்கு. அப்பா வெகுநேரம் கழித்து, "எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்றார். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

கோத்தா திங்கி வழியாகப் போனோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளத்தில் மூழ்கிய ஊர் அது. பாலத்தைக் கடக்கும்போது அப்பா ஆற்றைப் பார்க்கவில்லை, சாலையை மட்டுமே பார்த்தார். ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் வழிகாட்டிப் பாக்சிக் காத்திருந்தார். இந்த ஆற்றில் முதலை உண்டு. வழிகாட்டி இல்லாமல் யாரும் இறங்கிவிடாதீர்கள்.

முதல் அரைமணி நேரப் பாடம் கரையிலேயே நடந்தது. உயிர்காப்பு அங்கியின் வார்களைப் பாக்சிக்கே இழுத்துப் பார்த்தார். துடுப்பைத் தலைக்குமேல் தூக்கினால் முழங்கை சதுரமாக மடிய வேண்டும், அதுதான் பிடிக்கும் அகலம். பாதத்தருகே துடுப்பை இறக்கி, இடுப்பருகே எடுக்க வேண்டும். இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம் போட வேண்டும், பின்னால் இருப்பவர் திசை பார்க்க வேண்டும். கடைசியாக ஒன்றை மூன்று முறை சொன்னார்: "எது நடந்தாலும் கிளையைப் பிடிக்காதே." கிளை நிற்கும், படகு நகரும், நடுவில் நாம் கவிழ்வோம். புதியவர்கள் பெரும்பாலும் விழுவது அப்படித்தானாம்.

அப்பா முன்னால் அமர்ந்தார். அவருடைய பின்கழுத்தில் வியர்வை.

நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் உள்ளே போனோம். ஓடை குறுகக் குறுக வெளிச்சமும் குறைந்தது. பாக்காவ் மரங்கள் முட்டுக்கால் வேர்களில் நின்றன. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள். சைப்ரஸ் முழங்காலின் கதை புதிராகவே இருக்கட்டும். இந்த வேர்கள் காற்றில்லாத சேற்றில் மரம் மூச்சுவிடத்தான். அப்பா "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே துடுப்புப் போட்டார். தோட்டத்தில் பெரட்டுக்குப் போன காலத்துக் குரல்.

ஒரு மரத்தைக் காட்டி, "பூத்தா-பூத்தா, தொடாதே, பால் கண்ணில் பட்டால் பார்வை போகும்" என்றார் பாக்சிக். எனக்குச் சட்டென்று பொறிதட்டியது. அது தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம். அங்கே இன்று பிச்சாவரம் சதுப்புக்காட்டில் காணக்கிடைப்பது. "அப்பா, தில்லைப்பா!" என்றேன். தம் தாத்தா சிதம்பரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்று பெருமையாகச் சொல்லும் அப்பா, துடுப்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

அவர் தாளம் நின்றதும் நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. வேரில் இடித்தோம். நான் மூன்று முறை கேட்ட பாடத்தை மறந்து, தலைக்குமேலிருந்த கிளையை இரு கையாலும் பற்றினேன். கயாக் என் காலடியிலிருந்து நழுவிச் சாய்ந்தது.

"கையை விடு! விடும்மா!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. விட்டேன். தொப்பென்று இருக்கையில் விழுந்தேன். நீர் வாரியடித்தது, ஆனால் கவிழவில்லை. பாக்சிக் வந்து எங்கள் கயாக்கைப் பிடித்துக்கொண்டார். நான் நடுங்கினேன். அப்பா திரும்பவே இல்லை. தோள் மட்டும் ஏறி இறங்கியது.

நீர் இறங்கத் தொடங்கியதும் திரும்பினோம். ஓடை அகன்ற இடத்தில், முன்னால் பார்த்தபடியே அப்பா பேசினார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஒம்போது வயசு. ஆத்துல குளிக்கப் போனோம். கையைப் பிடிச்சிருந்தேன். இழுப்பு வந்துச்சு... விட்டுட்டேன்."

எனக்கு ஒரு சித்தப்பா இருந்ததே அன்றுதான் தெரியும். அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் அவர் மறுபடி "ஒண்ணு... ரெண்டு..." என்று ஆரம்பித்தார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். சேறு படிந்த என் கால்சட்டையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பாத்தீங்க அங்க?"

"தில்லை மரம்" என்றார் அப்பா. "நீயும் ஒரு நாள் வா. பிள்ளை பின்னால உக்காந்து நல்லாத்தான் ஓட்டுது. கிளையை மட்டும் பிடிக்காம இருந்தா சரி."